வலப்புற அச்சு விலகல்

வலப்புற அச்சு விலகல் என்பது ஈசிஜி எனப்படும் இதய மின்வரைவில் காணப்படும் ஓர் அறிகுறி ஆகும். இதயத்தின் கீழறைகளில் பரவும் மின்தூண்டலின் சராசரித் திசை, இயல்பான எல்லையைத் தாண்டி உடலின் வலப்பக்கம் திரும்பியிருப்பதை இது குறிக்கிறது. வயதுவந்தோரில் இத்திசை −30 பாகை முதல் +90 பாகை வரை இருப்பது இயல்பு. +90 பாகையைத் தாண்டி +180 பாகை வரை இருந்தால் அது வலப்புற அச்சு விலகல் எனப்படும். இதில் +120 பாகை வரை உள்ளது மிதமான விலகல் என்றும், அதற்கு மேற்பட்டது மிகுவிலகல் என்றும் பிரிக்கப்படுகின்றன.

இது ஒரு நோயின் பெயர் அன்று. மெலிந்த உடல்வாகு கொண்ட நலமான இளைஞரிடமும், பல ஆண்டுகளாக வால்வு நோய் இருந்தும் அதை அறியாத ஒருவரிடமும் இது காணப்படலாம். எனவே ஈசிஜி தாளில் இச்சொல்லைக் கண்டவுடன் அஞ்சுவதும் தவறு, பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு. இது எதனால் ஏற்பட்டது என்று அறிவதே முக்கியம்.

இதய மின் அச்சு

இதயத் துடிப்புக்கான மின்தூண்டல் வலது மேலறையில் உள்ள சைனசு கணுவில் தோன்றுகிறது. அது மேலறைகளில் பரவி, ஏவி கணுவைக் கடந்து, வலது, இடது கற்றைக் கிளைகள் வழியாகக் கீழறைகளை அடைகிறது. கீழறைகளில் இத்தூண்டல் பரவுவதே ஈசிஜியில் கியூஆர்எஸ் அலைத்தொகுதியாகப் பதிவாகிறது.

இடது கீழறை உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்துகிறது. வலது கீழறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும், குறைந்த அழுத்தத்தில் செலுத்துகிறது. ஆகவே இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமனானது. தசை மிகுந்த பக்கத்தில் உண்டாகும் மின்விசையும் அதிகம் என்பதால், சராசரித் திசை இயல்பாக இடப்பக்கமும் கீழ்நோக்கியும் அமைகிறது. இத்திசையே இதய மின் அச்சு ஆகும்.

இந்தச் சமநிலை நான்கு வழிகளில் வலப்புறம் மாறலாம்:

• வலது கீழறையின் தசை தடித்தல் அல்லது அதன் மீது திடீர்ச் சுமை ஏறுதல்
• இடது கீழறையின் பக்கச் சுவர்த் தசை மாரடைப்பால் இறந்து, அதன் மின்விசை இல்லாமல் போதல்
• மின்தூண்டல் பரவும் பாதை மாறுதல்
• மார்புக்குள் இதயம் இருக்கும் நிலை மாறுதல்

வரலாறு

நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இழைக் கால்வனோமீட்டரைக் கொண்டு இதய மின்வரைவை உருவாக்கினார். வலக்கை, இடக்கை, இடக்கால் ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணத்தின் முனைகளாகக் கொண்டு, மின்விசையின் திசையைக் கணக்கிடும் முறையையும் அவரே வகுத்தார். இப்பணிக்காக 1924இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1942இல் இமானுவேல் கோல்ட்பெர்கர் ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்னும் மூன்று லீட்களைச் சேர்த்தார். இதனால் கை, கால்களில் இருந்து பெறும் லீட்கள் ஆறாயின. இன்று அச்சு கணக்கிடப்படுவது இந்த ஆறு லீட்களைக் கொண்டே.

கண்டறியும் முறை

ஒவ்வொரு லீடும் இதயத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருந்து பார்க்கிறது. 1ஆம் லீட் 0 பாகை, 2ஆம் லீட் +60, ஏவிஎஃப் +90, 3ஆம் லீட் +120, ஏவிஎல் −30, ஏவிஆர் −150 பாகை எனக் கொள்ளப்படுகின்றன. மின்தூண்டல் ஒரு லீடை நோக்கி வந்தால் அதில் அலை மேல்நோக்கியும், விலகிச் சென்றால் கீழ்நோக்கியும் பதிவாகும்.

விரைவு முறை: 1ஆம் லீடையும் ஏவிஎஃப் லீடையும் மட்டும் பார்ப்பது. 1ஆம் லீடில் கியூஆர்எஸ் பெரும்பாலும் கீழ்நோக்கியும், ஏவிஎஃப்பில் மேல்நோக்கியும் இருந்தால் வலப்புற அச்சு விலகல் உள்ளது.

சமநிலை லீட் முறை: மேல் அலையும் கீழ் அலையும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ள லீடைக் கண்டறிந்தால், அச்சு அதற்குச் செங்குத்தாக இருக்கும். எடுத்துக்காட்டாக, ஏவிஆர் லீடில் இரண்டும் சமமாகவும், 3ஆம் லீடில் அலை மிக உயரமாகவும் இருந்தால் அச்சு +120 பாகை.

கணக்கீட்டு முறை: ஒவ்வொரு லீடிலும் மேல் அலையின் உயரத்தில் இருந்து கீழ் அலையின் ஆழத்தைக் கழித்து நிகர மதிப்பு பெறப்படுகிறது. 1ஆம் லீடில் −4 மில்லிமீட்டரும், ஏவிஎஃப்பில் +8 மில்லிமீட்டரும் இருந்தால், அச்சு ஏறத்தாழ +115 பாகை ஆகும்.

தற்கால ஈசிஜி கருவிகள் இக்கோணத்தைத் தாமே கணக்கிட்டுத் தாளின் மேற்பகுதியில் அச்சிடுகின்றன. ஆனால் மின்முனைகள் சரியாகப் பொருத்தப்பட்டனவா, முன்னே இருப்பவர் குழந்தையா பெரியவரா, மெலிந்தவரா பருத்தவரா என்பனவற்றைக் கருவி பார்த்து அறிவதில்லை.

நோய் இல்லாத நிலைகள்

குழந்தைகள்: கருவில் இருக்கும்போது நுரையீரல் வேலை செய்யாததால், வலது கீழறையே உடலுக்குக் குருதி செலுத்தும் பணியில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆகவே பிறந்த குழந்தைக்கு வலது கீழறை தடித்தே இருக்கும். அச்சு +100 பாகையைத் தாண்டி இருப்பது அக்குழந்தைக்கு முற்றிலும் இயல்பு. பிறந்த பின் நுரையீரல் தமனி அழுத்தம் குறைய, அச்சு மெல்ல இடப்புறம் நகர்கிறது.

உடல்வாகு: உயரமாகவும் மெலிந்தும் உள்ள இளைஞர்களுக்கு இதயம் மார்பில் செங்குத்தாக நிற்பதால், அச்சு +90 முதல் +100 பாகை வரை இருக்கலாம். மற்ற அலைகள் இயல்பாக இருந்தால் இதற்குச் சிகிச்சை தேவையில்லை.

மின்முனை மாறிப் பொருத்துதல்: வலக்கைக்கு உரிய கம்பி இடக்கையிலும், இடக்கைக்கு உரியது வலக்கையிலும் மாறிவிடுவது பரபரப்பான மருத்துவமனைகளில் நேரக்கூடியது. அப்போது 1ஆம் லீடில் கியூஆர்எஸ் மட்டுமன்றி பி அலையும் தலைகீழாக இருக்கும். இயல்பாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டிய ஏவிஆர் மேல்நோக்கி இருக்கும். மார்பு லீட்களில் மாற்றம் எதுவும் இராது. கம்பிகளைச் சரிசெய்து மறுபடி ஈசிஜி எடுத்தால் 'நோய்' மறைந்துவிடும்.

வலப்பக்க இதயம்: பிறவியிலேயே இதயம் மார்பின் வலப்பக்கம் அமைந்தவர்களுக்கும் 1ஆம் லீட் தலைகீழாகவே இருக்கும். ஆனால் இவர்களுக்கு வி1 முதல் வி6 வரை செல்லச் செல்ல அலையின் உயரம் கூடாமல் குறைந்துகொண்டே போகும். கம்பி மாறியதில் இருந்து இதைப் பிரித்தறிய இதுவே வழி.

நோய்க் காரணங்கள்

1. வலது கீழறை தடித்தல்

வயதுவந்தோரில் வலப்புற அச்சு விலகலுக்கு முதலில் எண்ண வேண்டிய நோய்க்காரணம் இது. நுரையீரல் தமனியில் அழுத்தம் உயரும்போது, அதை எதிர்த்துக் குருதியைத் தள்ள வலது கீழறையின் தசை தடிக்கிறது. ஈசிஜியில் வி1 லீடில் ஆர் அலை உயரமாகவும் (7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல்), வி6 லீடில் எஸ் அலை ஆழமாகவும் இருக்கும். வி1 முதல் வி4 வரை டி அலைகள் தலைகீழாகலாம். வலது மேலறையும் பெருத்திருந்தால், 2ஆம் லீடில் பி அலை 2.5 மில்லிமீட்டருக்கு மேல் கூராக உயரும்.

இவை காணப்பட்டால் வலது கீழறை பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் இவை இல்லாததாலேயே பாதிப்பு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. தொடக்க நிலையில் ஈசிஜி இயல்பாகவே இருக்கலாம்.

2. ஈரிதழ் வால்வுச் சுருக்கம்

இந்தியாவில் இளம் வயதினரிடம் வலப்புற அச்சு விலகல் காணப்பட்டால், வாதக் காய்ச்சலின் பின்விளைவான ஈரிதழ் வால்வுச் சுருக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கசு பாக்டீரியாவால் தொண்டை அழற்சி ஏற்படுகிறது. சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சலும், ஒரு மூட்டு விட்டு மறு மூட்டாக மாறும் வலியும் வருகின்றன. அவை தாமாகவே அடங்கிவிடுவதால் குடும்பத்தினர் மறந்துவிடுகின்றனர். ஆனால் ஈரிதழ் வால்வு மெல்லத் தடித்து, ஒட்டி, சுருங்குகிறது.

வால்வு சுருங்கினால் இடது மேலறையில் குருதி தேங்கும். அவ்வழுத்தம் நுரையீரலுக்குப் பின்னோக்கிச் செல்லும். இறுதியில் வலது கீழறை சுமையேற்கும். ஆகவே ஈசிஜியில் இரு அடையாளங்கள் ஒருங்கே தோன்றுகின்றன: அகன்று இரட்டைத் திமிலாகப் பிளந்த பி அலை, வலப்புற அச்சு விலகல். இவை இரண்டும் சேர்ந்திருந்தால் ஈரிதழ் வால்வுச் சுருக்கம் என்றே முதலில் கருத வேண்டும்.

மேலைநாடுகளில் இந்நோய் பெரும்பாலும் நடுவயதில் வெளிப்பட, இந்தியாவில் 20 வயதுக்கு முன்பே கடுமையான நிலையை அடைவதை, சுஜாய் பி. ராய் உள்ளிட்ட மருத்துவர்கள் 1963இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினர். பெண்களையே இந்நோய் கூடுதலாகத் தாக்குகிறது. கருவுற்ற காலத்தில் குருதியின் அளவு 40 விழுக்காடு வரை உயர்வதால், அதுவரை மறைந்திருந்த வால்வுச் சுருக்கம் கடும் மூச்சுத்திணறலாக வெளிப்படலாம். 'கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது இயல்புதான்' என்று கருதி விடுவது தாயின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

3. நாட்பட்ட நுரையீரல் நோய்கள்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய் ஆறிய பின் சிதைந்த நுரையீரல், சிலிக்கோசிஸ் முதலியவற்றில் நுரையீரலின் நுண்குழாய்கள் அழிகின்றன. ஆக்சிசன் குறைவால் எஞ்சிய குழாய்களும் சுருங்குகின்றன. இதனால் வலது இதயம் பழுதுபடும் நிலை கார் பல்மொனேல் எனப்படுகிறது. நுரையீரல் காற்றால் விரிந்து உதரவிதானம் கீழிறங்குவதால், இதயம் செங்குத்தாகித் தொங்குவதும் அச்சை வலப்புறம் திருப்பும். இவர்களின் ஈசிஜியில் அலைகள் குட்டையாகவும், 1ஆம் லீடில் ஏறக்குறைய மறைந்தும் இருக்கும்.

இந்தியாவின் முன்னோடி இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி தில்லியில் கார் பல்மொனேல் நோயாளிகளை ஆராய்ந்து 1959இல் கட்டுரை வெளியிட்டார். புகைபிடிக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவதையும், காற்றோட்டமில்லாத அறையில் விறகும் சாணமும் எரியும் அடுப்புப் புகை அதற்குக் காரணமாவதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

4. பிறவி இதயக் குறைபாடுகள்

மேலறைத் தடுப்புச்சுவரின் நடுவே துளை உள்ளவர்களுக்கு, இடப்பக்கக் குருதி வலப்பக்கம் பாய்ந்து வலது கீழறையைப் பெருக்கச் செய்யும். வி1 லீடில் முயல் காது போன்ற இரட்டை முனையும், வலப்புற அச்சு விலகலும் காணப்படும். சிறு வயதில் தொல்லை இல்லாததால், பலருக்கு 30 வயதுக்கு மேலேயே இது கண்டறியப்படுகிறது. அதே துளை சுவரின் அடிப்பகுதியில் இருந்தால் அச்சு இடப்புறம் விலகும். எனவே துளை எங்கே உள்ளது என்பதற்கும் அச்சு ஒரு தடயம் தருகிறது.

உதடும் நகமும் நீலமாகும் ஃபாலோட் நாற்கூட்டுக் குறைபாட்டிலும், நுரையீரல் தமனி வால்வுச் சுருக்கத்திலும் வலப்புற விலகல் காணப்படும்.

5. திடீர் நிலைகள்

கால் சிரையில் உறைந்த குருதிக் கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால், வலது கீழறை சில நிமிடங்களில் விரிந்து அச்சு வலப்புறம் நகரலாம். 1ஆம் லீடில் எஸ் அலை, 3ஆம் லீடில் கியூ அலை, அதே லீடில் தலைகீழ் டி அலை ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்படுவதை 1935இல் மெக்கின், ஒயிட் ஆகியோர் விளக்கினர். எல்லா நோயாளிகளிடமும் இது காணப்படுவதில்லை. இதயம் வேகமாகத் துடிப்பதே மிகுதியாகக் காணப்படும் மாற்றம்.

இடது கீழறையின் பக்கச் சுவரில் ஏற்படும் மாரடைப்பு, குருதியில் பொட்டாசியம் மிகுதல், சில மனச்சோர்வு மருந்துகள் அளவு மீறி உடலில் சேர்தல், கீழறையில் தோன்றும் மிகைத்துடிப்பு ஆகியவையும் அச்சை வலப்புறம் திருப்பக்கூடும். பழைய ஈசிஜியில் இயல்பாக இருந்த அச்சு புதிதாக விலகியிருந்தால் அது அவசரநிலையாக இருக்கலாம்.

6. மின்கடத்தல் கோளாறுகள்

இடது கற்றைக் கிளையின் பின்பிரிவு தடைபட்டாலும் அச்சு வலப்புறம் திரும்பும். இப்பிரிவு அகலமானது, இரு தமனிகளில் இருந்து குருதி பெறுவது. எனவே அது தனியே தடைபடுவது அரிது. வலது கீழறை தடித்தல் முதலிய பிற காரணங்களை விலக்கிய பின்னரே இம்முடிவுக்கு வர வேண்டும். உல்ஃப்–பார்க்கின்சன்–வைட் நோய்க்கூட்டில், இடப்பக்கம் உள்ள கூடுதல் மின்பாதை இதே தோற்றத்தைத் தரலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில்

மேற்கூறிய காரணங்களுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதை அறிய, நோயாளியின் ஊரும் தொழிலும் உதவுகின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மருத்துவ மாணவர்கள் கேட்டறிய வேண்டிய சில செய்திகள் வருமாறு:

ஆழ்துளைக் கிணறு, கல் குவாரி: திருச்செங்கோடு ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. இங்கிருந்து தொழிலாளர்கள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் துளையிடச் செல்கின்றனர். கடினப் பாறையைச் சம்மட்டித் துளைப்பான் பொடியாக்க, அழுத்தக் காற்று அப்பொடியை மேலே தள்ளுகிறது. நீர் கிடைக்கும் வரை வருவது உலர்ந்த பாறைத்தூள். அதிலுள்ள குவார்ட்சு நுண்துகள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்க வல்லது. காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. தூசியின் மீது நீர் தெளித்தலும், தகுந்த முகக்கவசமும் தடுப்பு வழிகள். சிலிக்கோசிஸ், சட்டப்படி தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே நோயாளியின் தொழிலை மருத்துவக் குறிப்பில் எழுதுவது சட்ட முறையிலும் அவருக்குப் பயன்படும்.

பஞ்சும் புகையும்: நூற்பாலைப் பஞ்சுத் தூசி பைசினோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தரும். வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுக்கம் மிகுவது இதன் அடையாளம். சோகை எரித்துப் பாகு காய்ச்சும் ஜேடர்பாளையம், பிலிக்கல்பாளையம் பகுதி வெல்ல ஆலைகளிலும், வீட்டு விறகு அடுப்புகளிலும் புகைக்கு ஆளாவோர் உண்டு. புகைபிடிக்காத மூதாட்டிக்கு வலப்புற விலகல் இருந்தால், எத்தனை ஆண்டுகள் எந்த அடுப்பில் சமைத்தார் என்று கேட்க வேண்டும்.

லாரித் தொழில்: நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் நாள்கணக்கில் அமர்ந்தே பயணிப்பவர்கள். நீண்டநேரம் அசையாமல் இருப்பது கால் சிரையில் குருதி உறைவதற்கு ஒரு காரணி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, பின் திடீரென மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு நுரையீரல் அடைப்பு நோயும் சேர்ந்துகொள்ளும்.

மலைகள்: ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், கொல்லிமலை ஊர்கள் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரத்தால் நுரையீரல் தமனி அழுத்தம் நிலையாக உயர்வது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் வாழ்வோரிடமே. எனவே இம்மலைவாழ் மக்களிடம் வலப்புற விலகல் காணப்பட்டால், அதை மலையின் உயரத்தால் வந்தது என்று ஒதுக்காமல் வேறு காரணம் தேட வேண்டும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதலும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதலும் இயங்குகின்றன. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடி, அரசுப் பள்ளிக் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். பிறவி இதயக் குறைபாடும் வாதக் காய்ச்சல் இதய நோயும் இத்திட்டத்தில் தேடப்படும் நோய்களுள் அடங்கும். இவற்றுக்கான அறுவை சிகிச்சைகள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டுள்ளன.

அடுத்த கட்டப் பரிசோதனைகள்

முதலில் ஈசிஜி சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்த்து, ஐயமிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். பழைய ஈசிஜி கிடைத்தால் ஒப்பிட வேண்டும். மூச்சு வாங்குதல், மயக்கம், கால் வீக்கம், இருமலில் குருதி, சிறுவயது மூட்டுவலி ஆகியவற்றைக் கேட்டறிந்து, இதய ஒலிகளைக் கேட்க வேண்டும்.

அறிகுறி இருந்தாலோ, ஈசிஜியில் பிற மாற்றங்கள் இருந்தாலோ எக்கோ பரிசோதனை தேவை. வால்வுகளின் நிலை, தடுப்புச்சுவர்த் துளை, வலது கீழறையின் பருமன், நுரையீரல் தமனி அழுத்தத்தின் மதிப்பீடு ஆகியவை இதில் தெரியும். மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் பரிசோதனை, விரல்நுனி ஆக்சிசன் அளவு ஆகியன நுரையீரல் நோயைக் காட்டும். தமனி அடைப்பு ஐயத்துக்கு மாறுபொருள் செலுத்திய சிடி ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

சிகிச்சை

அச்சுக்கென்று மருந்து கிடையாது. காரணத்துக்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது. சுருங்கிய ஈரிதழ் வால்வைத் தொடைச் சிரை வழியாகச் செலுத்தும் பலூனால் விரிக்கலாம்; இம்முறையை ஜப்பானின் கஞ்சி இனோவே 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார். வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சதின் பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்படுகிறது. இடையில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வால்வு மேலும் பழுதடையலாம். மேலறைத் துளைகள் பலவற்றை அறுவையின்றிக் குடைவடிவக் கருவியால் மூடலாம். ஆனால் நுரையீரல் தமனி அழுத்தம் மீளாத அளவுக்கு உயர்ந்துவிட்டால் துளையை மூடும் வாய்ப்பே கைநழுவிவிடும். நுரையீரல் நோய்களில் புகை, தூசியில் இருந்து விலகுதல், உறிஞ்சு மருந்துகள், தேவையானோர்க்கு வீட்டிலேயே ஆக்சிசன் ஆகியவை பயன்படும். தமனிக் குருதிக்கட்டிக்கு உறைவெதிர் மருந்துகள் தரப்படுகின்றன.

அறிக்கை பெற்றவர் கவனத்துக்கு

முழு உடல் பரிசோதனையில் 'வலப்புற அச்சு விலகல்' என்று மட்டும் குறிப்பிடப்பட்டு, எந்தத் தொல்லையும் இல்லாத மெலிந்த இளைஞருக்குப் பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை. எனினும் ஒரு மருத்துவரிடம் காட்டி, இதய ஒலியைக் கேட்கச் செய்வது நல்லது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குபவர், கருவுற்ற பெண், தூசியிலும் புகையிலும் பல்லாண்டு உழைத்தவர், உடலுழைப்பின்போது மயங்கியவர் ஆகியோர் எக்கோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ஈசிஜி தாளை மடிக்காமல் பாதுகாத்து, அதன் மை மங்கும் முன் ஒளிப்படமோ நகலோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தமுறை எடுக்கும் ஈசிஜியில் உள்ள மாற்றம் பழையதா புதியதா என்பதை அந்தத் தாளே மருத்துவருக்குச் சொல்லும்.